கிழவனும் குட்டையனும்

நேற்று இரவு மூன்று முறை எழுந்து லாயத்துக்குப் போனேன். என் குதிரை கிழவனுக்கு 27 வயது. கடைவாய்ப் பற்கள் தேய்ந்துபோனதால் காய்ந்த புல்லை மெல்ல முடியாமல் உருண்டையாக்கித் துப்பிவிடுகிறான். அதனால் எல்லாமே ஊறவைத்த கூழ்தான். சாயங்காலம் அதையும் தொடவில்லை. திரும்பித் திரும்பித் தன் விலாவையே பார்த்தான். வயிற்றுவலியின் அடையாளம் அது; குதிரை வளர்ப்பவர்களுக்கு அந்தப் பார்வையைக் கண்டாலே பகீரென்று இருக்கும். குதிரைக்கு வாந்தி எடுக்கவும் வராது. தாடைக்கு அடியில் விரல் வைத்து நாடியை எண்ணினேன், நிமிடத்துக்கு 52. சும்மா நிற்கும்போது 28 முதல் 44 வரைதான் இருக்க வேண்டும். மருத்துவர் வந்து வலிக்கு ஊசி போட்டார், மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார். விடியற்காலை நாலு மணிக்கு லத்தி போட்டான். லத்தியைப் பார்த்து ஒருநாள் இப்படிச் சந்தோஷப்படுவேன் என்று முன்பு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

அப்புறம் தூங்காத கண்ணோடு குட்டையனுக்கு வண்டிப் பயிற்சி. மட்டக்குதிரைதான், ஆனால் பிடிவாதத்தில் யானை. இன்னும் வண்டி பூட்டவில்லை. நீள வாரைப் பிடித்துப் பின்னால் நடந்தபடியே ‘நில்’, ‘நட’ பழக்கியாயிற்று, இப்போது பழைய டயர் ஒன்றை இழுக்கிறான். கண்பட்டை போட்டிருப்பதால் பின்னால் வரும் சத்தம் என்னவென்று தெரியாமல் முதல் வாரம் துள்ளிக் குதித்தான். இன்று டயர் கல்லில் தட்டியபோது காதை மட்டும் திருப்பினான். சரி, தேறிவிடுவான்.

கிழவன் வேலிக்கு மேல் தலையை நீட்டி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். மதியம் நாலு வாய் கூழ் உள்ளே போயிருக்கிறது.