ஓபிக்குப் போகும் முன் ஒரு தாள்

விடுதியில் மனச்சோர்வு பெரும்பாலும் அழுகையாக வருவதில்லை. காலை வகுப்புக்கு எழுந்திருக்க முடியாது. மெஸ்ஸில் இரண்டு வாய் சாப்பிட்டதும் தட்டு ஒதுங்கிவிடும். வாளியில் ஊறப்போட்ட துணி மூன்றாம் நாளும் அப்படியே கிடக்கும். பார்ப்பவர்கள் சோம்பேறித்தனம் என்பார்கள்; அவதிப்படுகிறவரும் அதை நம்பிவிடுவார்.

2 வாரமாகக் கிட்டத்தட்ட தினமும் இப்படி என்றால், பரீட்சை முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பிஹெச்கியூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவத்தை நிரப்பிப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், அதிகபட்சம் மொத்தம் 27. கூட்டுத்தொகை 10-ஐத் தொட்டால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். ஒன்பதாம் கேள்வி சாவு பற்றிய எண்ணத்தைக் கேட்கிறது. அதற்கு 0 தவிர எது வந்தாலும் மதிப்பெண்ணைக் கூட்டிக்கொண்டிருக்காமல் உடனே 14416-க்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசிச் சேவை அது. கட்டணமில்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். நண்பர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. காலையிலேயே போய் ஓபி (வெளிநோயாளி) சீட்டு வாங்குங்கள். பலர் சறுக்குவது டாக்டர் முன்னால் உட்கார்ந்த பிறகுதான். "அசதியா இருக்கு, தூக்கம் வரல" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கூட்ட நேரத்தில் அவர் தோண்டித் துருவிக் கேட்க முடியாது. அதனால் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எப்போது தொடங்கியது, எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, எத்தனை வேளை சாப்பிடவில்லை, விழுந்த அரியர், குடி, சாவு எண்ணம். வாய் வராவிட்டால் தாளை அப்படியே நீட்டலாம். தைராய்டு, ரத்தசோகைப் பரிசோதனை எழுதினால் தட்டாதீர்கள். அவையும் இதே அசதியைத் தரும்.

எஸ்சிடலோபிராம், ஃப்ளூஆக்ஸெடின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகளில் குமட்டல் முதல் வாரமே வரலாம். பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும். இந்த இடைவெளியில்தான் ஐந்தாம் நாளே "எனக்கு ஒத்துக்கல" என்று நிறுத்திவிடுகிறார்கள். 25 வயதுக்குட்பட்ட சிலருக்குத் தொடக்க வாரங்களில் படபடப்போ சாவு எண்ணமோ கூடலாம். அறைத்தோழர் ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருக்கட்டும். அப்படிக் கூடினால் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள்.

கல்லூரிக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம் நியாயமானது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியத்தை நோயாளியின் உரிமையாக்கியிருக்கிறது. வருகைப்பதிவு குறைந்தால் மருத்துவச் சான்றை அப்போதே வாங்கிவிடுங்கள். செமஸ்டர் கடைசியில் ஓடினால் கிடைப்பது கஷ்டம்.

தேறிய பிறகும் குறைந்தது 6 மாதம் மாத்திரை தொடர வேண்டும். செமஸ்டர் லீவுக்குப் பெட்டி கட்டும்போது ஊரில் இருக்கும் நாட்களுக்கும் சேர்த்து வாங்கிவையுங்கள். வீட்டில் பார்த்துவிடுவார்களே என்று விடுதியிலேயே விட்டுப்போய், திடீரென நின்றதால் தலைசுற்றலோடு திரும்பி வருகிறவர்கள் உண்டு.