இரண்டு வருடம் காத்திருந்த பூ
கல்லடி வீட்டு வளவில் இன்று டே லில்லி பூத்துவிட்டது! விடிய வாளியோடு கிணற்றடிக்குப் போனபோது மொட்டுப் பாதி திறந்திருந்தது, செம்மஞ்சள் இதழ் ஆறு, தொண்டையில் மட்டும் மஞ்சள் கசிந்து, ஒரு இதழ் நுனியில் சின்ன எறும்பு. ஒரு பூவுக்கு ஒரு நாள்தான் ஆயுள், இரவுக்குள் சுருண்டுவிடும், ஆனால் அதே தண்டில் இன்னும் ஏழு மொட்டு நிற்கிறது.

முதலில் வாங்கியது ஸ்டெல்லா டி ஓரோ, 1975இல் பதிவான பேர்போன குட்டை மஞ்சள் வகை. அது குளிர்காலத்தில் இலை வாடி உறங்கி எழும்பும் இனம், மட்டக்களப்பில் குளிருக்கு எங்கே போவது? மெலிந்து மெலிந்து போயே போய்விட்டது, மனசே விட்டுப்போயிற்று. அப்புறம் அக்கா நுவரெலியாவிலிருந்து வரும்போது வருடம் முழுக்கப் பச்சையாக நிற்கும் வகையில் இரண்டு கன்று கொண்டுவந்து தந்தார். நம்ம கடற்கரை மணலில் மாட்டெரு நிறையக் கலந்து, மாரி வெள்ளம் தேங்காத மேட்டில் வைத்தேன். கச்சான் என்ற வறண்ட சுடுகாற்று வீசும் நாட்களில் மத்தியான வெயிலுக்கு மாமர நிழல், பின்னேரம் தண்ணீர்.

வாங்குகிறவர்கள் நிறத்தைப் பார்க்க முன் குளிரில் உறங்கும் இனமா, வருடம் முழுக்கப் பச்சையாக நிற்கும் இனமா என்று கேளுங்கள். பூனை வளர்க்கும் வீடென்றால் கவனம், இதைத் தின்றால் பூனையின் சிறுநீரகம் பழுதாகிவிடும்.