அம்மாவின் முழங்காலும் தைராய்டு மாத்திரையும்

அம்மாவுக்கு முழங்கால் மாற்று ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கும் முன் டாக்டர், தைராய்டு சரியாகச் சுரக்கிறதா என்று காட்டும் டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனையைப் பார்க்கச் சொன்னார். மூட்டுக்கும் தைராய்டுக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் தோன்றியது. தைராய்டு குறைவாகச் சுரப்பவர்களுக்குச் செயற்கை மூட்டில் கிருமித்தொற்று வரும் வாய்ப்பு கூடுதல் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உலோகத்தின் மேல் கிருமி படலமாக ஒட்டிக்கொண்டால் ஆன்டிபயாட்டிக் எளிதில் எட்டாது. மறுபடி திறக்க வேண்டி வரலாம். மாத்திரை அளவை மாற்றி, 6 வாரம் கழித்துத் திரும்ப ரத்தம் கொடுத்து, அளவு சரியான பிறகுதான் ஆபரேஷன்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, அம்மாவின் உள்ளங்கையில் தைராய்டு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் ஒன்றாகக் கிடந்தன. பதறிவிட்டேன். சேர்த்துப் போட்டால் தைராய்டு மருந்து உடம்பில் சரியாகச் சேராது, 4 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இப்போது கால்சியம் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான். தையல் போட்ட இடத்தில் சிவப்போ கசிவோ இருக்கிறதா என்று தினமும் பார்க்கிறேன்.