திராட்சை தின்னக் கிடைக்காத ஊர்

"அங்க திராட்சை கிலோ என்ன விலைக்குப் போகுது?"

கலிபோர்னியாவின் லிவர்மோருக்குக் குடிவந்த இரண்டாவது வாரம் அப்பா போனில் கேட்டது இது. ஊரைச் சுற்றித் திராட்சைத் தோட்டம்தான் என்று படம் எடுத்து அனுப்பியிருந்தேன். தேனி மாவட்டத்துச் சுருளிப்பட்டியில் நாற்பது வருடம் திராட்சை போட்ட மனிதர் வேறு என்ன கேட்பார்? சூப்பர் மார்க்கெட்டில் போய்ப் பார்த்தேன். கிடைத்தது வேறு ஏதோ ஊர்த் திராட்சை. மார்கழியில் போனால் சிலி நாட்டுத் திராட்சை, கப்பலில் வந்தது. உள்ளூர்த் திராட்சை ஒரு கொத்துகூட இல்லை.

சரி, நேரே தோட்டத்துக்கே போவோம் என்று ஒரு சனிக்கிழமை டெஸ்லா சாலையில் வண்டியை நிறுத்தினேன். செப்டம்பர் மாதம். இடுப்பளவு உயரக் கம்பியில் கொடியைக் கட்டி, கருநீலக் கொத்துகள் தொங்கிக்கொண்டிருந்தன. எங்கள் ஊரில் இந்தக் காட்சிக்கு முன் நின்றாலே போதும், "ரெண்டு கொத்து பறிச்சுட்டுப் போங்க தம்பி" என்று பந்தலுக்கு அடியிலிருந்து குரல் வரும். நானும் பழக்கதோஷத்தில் கையை நீட்டி நாலு பழம் பறித்து வாயில் போட்டுவிட்டேன். சுண்டைக்காய் அளவு பழம், தடித்த தோல், வாய் நிறைய விதை, ஆனால் என்ன இனிப்பு! கடைப் பழம் கிட்ட நெருங்க முடியாது. அதற்குள் பிக்கப் வண்டியில் ஒருவர் வந்து இறங்கினார். கோபப்படவில்லை. "இது தின்பதற்கில்லை" என்று மட்டும் பணிவாகச் சொன்னார். அந்தப் பணிவுதான் சுருக்கென்று தைத்தது. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

இது ஒயின் ஊர். இந்தப் பள்ளத்தாக்கில் ஐம்பதுக்கு மேற்பட்ட ஒயின் ஆலைகள். வென்டே, கான்கேனன் என்ற இரண்டு குடும்பங்கள் 1883இல் தொடங்கியவை இன்றும் நடக்கின்றன. பகலில் நல்ல வெயில், சாயங்காலம் வளைகுடாப் பக்கமிருந்து குளிர்காற்று, கூழாங்கல் மண். கொடிக்கு இதைவிட என்ன வேண்டும். ஆலைக்குப் போனால் சின்னக் கண்ணாடிக் கோப்பையில் ஒரு மடக்கு ஊற்றித் தருவார்கள். முகர்ந்து பார்த்து, வாயில் கொப்பளித்துத் துப்பிவிட்டும் வரலாம். அதற்குக் காசு. இதை அம்மாவுக்கு விளக்கப்போய் மாட்டிக்கொண்டேன். "ஐம்பது ஒயின் ஷாப்பா? வேற ஊரே கிடைக்கலையாடா உனக்கு?"

பக்கத்து வீட்டுக்காரர் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகத்தில் வேலை பார்க்கிறார். என்ன வேலை என்று கேட்டால் "இன்ஜினியர்" என்பார், அத்தோடு முற்றுப்புள்ளி. நம் ஊரில் இரண்டு நிமிடத்தில் சம்பளம், பெண் எடுத்த ஊர்வரை தெரிந்துவிடும். இவரிடம் இத்தனை வருடமாக அந்த ஒரு சொல்தான். அந்த ஆய்வகம் 1952இல் அணுகுண்டு ஆராய்ச்சிக்காகத் தொடங்கியது. 2022 டிசம்பரில் 192 லேசர் கற்றைகளை மிளகு அளவுள்ள ஓர் எரிபொருள் உருண்டையைக் குறிவைத்து அடித்து, உள்ளே போன 2.05 மெகாஜூல் ஆற்றலுக்கு 3.15 மெகாஜூல் வெளியே எடுத்தார்கள். அணுக்கருக்களை ஒன்றாக இணைக்கும் பிணைவு ஆய்வில் கொடுத்ததைவிட அதிகம் கிடைத்தது அதுதான் முதல்முறை. செய்தி வந்த அன்று குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு போன பக்கத்து வீட்டுக்காரர் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. தனிம அட்டவணையில் 116ஆவது இடத்தில் இருக்கும் லிவர்மோரியமும் இந்த ஊர்ப் பெயரில் வந்ததுதான். எங்கள் பக்கத்துக் கம்பம் ஊரின் பெயரில் ஒரு தனிமம் இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்ப்பேன். கம்பியம்.

மூன்றாம் வருடம் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். தீயணைப்பு நிலையத்தில் 1901 முதல் எரியும் பல்பைக் காட்டினேன். "கரண்டு போகாதோ?" என்றார் அப்பா. அவ்வளவுதான் அதற்கு மரியாதை. சிவா விஷ்ணு கோயில் கோபுரத்தைக் கண்டு அம்மாவுக்குக் கண் கலங்கியது. உள்ளே இருக்கும் விக்கிரகங்களில் பெரும்பாலானவை தமிழ்நாடு அரசு கொடுத்தவை என்றதும், "அப்ப நம்ம ஊருதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அப்பாவுக்கு உறுத்தியது ஆய்வகம். "பொட்டிப்புரத்துல நியூட்ரினோ ஆய்வகம் வேணாம்னு நாங்க கத்துனோம். நீ குண்டு ஆராய்ச்சி பண்ற எடத்துக்குப் பக்கத்துலயே வீடு வாங்கியிருக்க."

ஆனால் அவர் கால் போனது தோட்டங்களுக்குத்தான். தினமும் காலையில் சைக்கமோர் குரோவ் பூங்காவை ஒட்டிய வேலியோரம் நின்றுகொள்வார். "பந்தல் இல்லாம என்னடா திராட்சை? நிழலே விழலையே." வருடத்துக்கு ஒரே ஒரு அறுப்புதான் என்றேன். நம்பவில்லை. கொடியை வெட்டிவிடும் கவாத்தை முன்னே பின்னே தள்ளிச் செய்து, வருடம் முழுக்கப் பழம் எடுக்கும் ஊர்க்காரர். "ஒத்த வெள்ளாமையை வச்சா இவ்வளவு பெரிய வீடு கட்டியிருக்கான்?"

ஒரு விஷயத்துக்கு மட்டும் அசந்துபோனார். வென்டே குடும்பத்தார் 1912இல் பிரான்சின் மோன்பெலியேவிலிருந்து சார்டனே என்ற வெள்ளை ஒயின் திராட்சையின் குச்சிகளை வரவழைத்து நட்டார்கள்; இன்று கலிபோர்னியா சார்டனேயில் பெரும்பங்கு அந்தக் குச்சிகளின் வம்சம்தான். "நம்ம பன்னீர் திராட்சையும் வெள்ளைக்கார சாமியார் கொண்டாந்ததும்பாங்க" என்றார். தேடிப் பார்த்தேன், 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்ததாகத்தான் சொல்லப்படுகிறது. அதன் நிஜப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். இங்கே நாற்றங்காலில் பிளாக் மஸ்கட் என்று விற்பதும் அதுதான்!

அன்று மாலையே ஒரு கன்று வாங்கிவந்தோம். கொல்லைப்புறத்தில் அப்பா குழி வெட்டினார். கல்தூணுக்குப் பதில் இரும்புக் குழாய், அதன்மேல் கம்பி. ஏழடி உயரத்தில் ஒரு குட்டிப் பந்தல். வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு இன்ஜினியர், மூன்று வருடத்தில் முதல்முறையாக என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்: "இது என்ன செய்கிறீர்கள்?" "விவசாயி" என்று சொல்லி அப்பாவைக் காட்டினேன்.

அவர்கள் போய் இரண்டு வருடம் ஆகிறது. எனக்கு எல்லாம் பழகிவிட்டது. வெயில்காலத்தில் காய்ந்து பழுப்பாகிற குன்றுகள், இரவில் விளக்குப் போட்டுத் திராட்சை அறுக்கும் எந்திரங்களின் சத்தம், ஜூன் மாதத்தில் குதிரை, காளை ஏறி அடக்கும் ரோடியோப் போட்டிக் கூட்டம், எதுவும் புதிதில்லை. ஆல்டமான்ட் கணவாயில் காற்றாலைகளைத் தாண்டும்போது மட்டும், அடுத்த வளைவில் தேனி பஸ் ஸ்டாண்டு வரும் என்று கை ஸ்டியரிங்கைத் திருப்பப் பார்க்கும். சாயங்காலக் காற்று அடித்தால், பெட்டி பெட்டியாகப் பழம் ஏற்றிக் குமுளி மலை ஏறும் லாரிகளின் நினைப்பு. மற்றபடி பழகிவிட்டது.

இந்த ஆகஸ்டில் பந்தலில் நாலு கொத்து பழுத்தது. பறவைக்குப் பயந்து வலை போட்டு, ஞாயிற்றுக்கிழமை ஒரு பழத்தைக் கிள்ளி வாயில் வைத்தேன். அதே பன்னீர் வாசனை. உடனே வீடியோவில் அப்பாவைக் கூப்பிட்டுக் கொத்தைக் கேமராவுக்குப் பக்கத்தில் பிடித்தேன்.

பழத்தை அவர் பார்க்கவே இல்லை. "பின்னாடி இலையில சாம்பல் பூத்திருக்கே, கவனிக்கலையாடா?" என்றார். "பழத்தை எடுத்ததும் கந்தகத்தூள் அடி. கவாத்துக்கு என்னைக் கேக்காம கத்திரியை எடுத்துறாதே."

மறுநாள் வேலை முடிந்து கந்தகத்தூள் வாங்கப் போனேன். கடைக்காரர் எத்தனை ஏக்கர் என்று கேட்டார்.