ஊறுகாய் ஜாடியில் கரப்பான் வளர்த்த ஒன்பது மாதங்கள்

கரப்பான் பூச்சியைக் கண்டால் எனக்குப் பயம். நாற்பத்து நான்கு வயதில், பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் மகளுக்குத் தகப்பனாக இருந்துகொண்டு இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. இரவில் குளியலறை விளக்கைப் போட்டவுடன் தண்ணீர் போகும் துளையருகே இரண்டு மீசைகள் அசைந்தால், போன காரியத்தையே மறந்து திரும்பி வந்து மனைவியை எழுப்பியிருக்கிறேன். தேளை ஒருமுறை முறத்தில் தள்ளி வெளியே போட்டவன்தான் நான். கொட்டவோ கடித்துக் கொல்லவோ தெரியாத இந்தப் பூச்சியிடம் மட்டும் உடல் கூசுவது ஏன் என்று எனக்கே விளங்கியதில்லை.

சென்ற ஜூன் 2 அன்று புத்தக அலமாரியை நகர்த்தியபோது, அதன் பின்பலகையில் கருஞ்சிவப்பு நிறத்தில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. சுமார் 8 மில்லிமீட்டர் நீளம், சிறிய மணிபர்சைப் போன்ற வடிவம், ஒரு விளிம்பில் பல்வரிசை. துடைப்பத்தால் தட்டப் போனேன். “அப்பா, தூக்கிப் போடாதீங்க, அது முட்டைக்கூடு. எங்க புக்ல இருக்கு” என்று மகள் தடுத்தாள். அவளுடைய விலங்கியல் பாடப் புத்தகத்தில் மண்புழு, கரப்பான், தவளை மூன்றுக்கும் விரிவான பாடம் இருக்கிறது. நம் வீடுகளில் சிவந்த உடலோடு திரியும் பெரிய கரப்பானுக்கு 1758ஆம் ஆண்டு, உயிரினங்களுக்கு அறிவியல் பெயரிட்ட ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் அமெரிக்காவின் பெயரைச் சூட்டினார். உண்மையில் அதன் பூர்வீகம் ஆப்பிரிக்கா, கப்பலேறி உலகம் முழுவதும் பரவியது. பொரிக்கிறதா என்று பார்த்துவிடுவோம் என்று இருவரும் முடிவு செய்தோம். மனைவி ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்: ஜாடி பால்கனியைத் தாண்டி உள்ளே வரக் கூடாது.

ஐந்து கிலோ ஊறுகாய் வந்த பிளாஸ்டிக் ஜாடியைக் கழுவிக் காயவைத்து, உள்வாயைச் சுற்றி நான்கு விரல் அகலத்துக்கு வாசலின் தடவினேன். வழுக்கும் பரப்பில் ஏற முடியாது என்பது கணக்கு. மூடியில் வட்டமாக வெட்டி மெல்லிய துணியை ஒட்டினேன். உள்ளே முட்டை அட்டைகளை நிற்கவைத்து, தண்ணீருக்குப் பாட்டில் மூடியில் நனைத்த பஞ்சு வைத்தேன். எறும்பு வராமலிருக்க ஜாடியைத் தண்ணீர்த் தட்டின் நடுவே நிறுத்தினேன். இவ்வளவுதான் ஏற்பாடு.

ஜூலை 5 காலையில் கூடு பிளந்து பதினான்கு குஞ்சுகள் வெளிவந்திருந்தன. அரிசியைவிடச் சிறிய, வெள்ளை வெளேரென்ற உருவங்கள், மாலைக்குள் பழுப்பாகிவிட்டன. இறக்கை கிடையாது. அவற்றைப் பார்த்தபோது எனக்குப் பயமே வரவில்லை என்பதை அன்றைய குறிப்பில் அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறேன்.

முதல் மாதம் என் தவறுகளால் கெட்டது. ஈரச் சோற்றைப் போட்டதில் பூஞ்சை பிடித்து மூன்று செத்தன. அதன்பின் காய்ந்த சப்பாத்தித் துண்டும் ஒரு துளி காரட்டும் மட்டும், அதுவும் மறுநாளே மாற்றிவிடுவேன். சுத்தம் செய்யும்போது ஒன்று தப்பித்துப் போனது. இதை இன்று வரை வீட்டில் சொல்லவில்லை. சுத்தம் செய்கையில் முகக்கவசமும் கையுறையும் அணிவதை வழக்கமாக்கிக்கொண்டேன். கரப்பானின் எச்சமும் உரித்த தோலும் தூளாகிக் காற்றில் கலந்தால் ஆஸ்துமாவைத் தூண்டும். சாக்கடையில் நடந்த காலோடு உணவில் ஏறினால் கிருமியும் சேர்ந்து ஏறும். ஆகவே அருவருப்புக்குக் காரணம் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. பயத்துக்கு என்ன காரணம் என்பதுதான் என் கேள்வியாக இருந்தது.

விளக்கைப் போட்டால் அட்டைக்குள் மறைந்துவிடும் என்பதால், டார்ச்சின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டடுக்காகக் கட்டினேன். கரப்பானின் கண்ணுக்குச் சிவப்பு ஒளி ஏறக்குறையத் தெரியாது. இரவு பத்து மணிக்கு மேல் அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்தால், ஓடி ஒளியாத கரப்பானை முதன்முறையாகப் பார்க்கலாம். கரத்தல் என்றால் ஒளித்தல் என்று குறள் படித்தவர்களுக்குத் தெரியும். அந்தப் பெயருக்குப் பொருத்தமாகவே இதுவரை நான் பார்த்த எல்லாக் கரப்பான்களும் ஒளிய ஓடிக்கொண்டிருந்தவைதாம். நிதானமாக இருக்கும் கரப்பான் பெரும்பாலும் தன்னைச் சுத்தம் செய்கிறது: முன்காலால் உணர்கொம்பை வளைத்து வாயில் கொடுத்து, அடியிலிருந்து நுனி வரை உருவி எடுக்கிறது. கொம்பில் மெழுகுப்பூச்சும் தூசியும் படிந்தால் மணம் பிடிக்கும் திறன் குறைந்துவிடும்.

ஆகஸ்டில் ஓட்டத்தைச் சோதித்தேன். மென்மையான தூரிகையால் முதுகைத் தொட்டால், நாலு எட்டு வைத்து நின்றுவிடும். உறிஞ்சுகுழல் வழியாகப் பின்பக்கம் லேசாக ஊதினாலோ, மறுகணம் அங்கே இருக்காது. வயிற்றின் கடைசியில் வால்போல் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு சிறு கொம்புகளில் நுண்மயிர்கள் இருக்கின்றன; காற்றசைவு அவற்றில் பட்டதும் சேதி நரம்புவழியே கால்களுக்குப் போய்விடுகிறது. ஏறக்குறைய நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்தில் உடல் திரும்பத் தொடங்கிவிடும். தேரையின் நாக்கு வருவதற்கு முன்னால் வரும் காற்றுக்காக ஏற்பட்ட ஏற்பாடு இது. நான் செருப்பைத் தூக்கும்போதும் அதே காற்றுதான் போகிறது. என்னைப் பார்த்து அது பாய்ந்ததாக நான் நினைத்த இரவுகளிலெல்லாம், நான் கிளப்பிய காற்றுக்கு அது விலகியிருக்கிறது; சுவர் மூலையில் வழியில்லாதபோது என் கால் பக்கம் வந்திருக்கிறது. இதைப் புரிந்துகொண்ட பிறகு அருகில் மெதுவாகக் கை அசைக்கக் கற்றேன். ஓட்டம் பாதியாகக் குறைந்தது, என் கூச்சமும் கூடவே குறைந்தது.

மகள் கைப்பேசியில் வேகம் குறைத்துப் படமெடுத்துக் காட்டினாள். ஒரு பக்கத்து முன்காலும் பின்காலும், மறுபக்கத்து நடுக்காலும் சேர்ந்து தரையில் ஊன்ற, மற்ற மூன்றும் காற்றில் செல்கின்றன. எந்த நொடியிலும் முக்காலிதான் நிற்கிறது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஃபுல் 1991இல் இந்தப் பூச்சி நொடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் ஓடுவதை அளந்தார். அவரும் கௌசிக் ஜெயராமும் 2016இல், வளர்ந்த கரப்பான் 3 மில்லிமீட்டர் இடுக்கில் நுழைந்து வெளியேறுவதைக் காட்டி, அதைப் பார்த்தே இடிபாடுகளுக்குள் செல்லத்தக்க ஒரு குட்டி ரோபோவையும் செய்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது தோலுரிப்பு. செப்டம்பர் 19 இரவு, அட்டையில் தலைகீழாகத் தொங்கிய ஒன்றின் முதுகு நடுவில் பிளந்து, உள்ளிருந்து பால் வெள்ளையில் கறுப்புக் கண்களோடு இன்னொன்று வழுக்கி வெளியே வந்தது. ஒளி ஊடுருவும் அந்த முதுகின் நடுவே ஒரு மெல்லிய கோடு விட்டுவிட்டு அசைந்தது. “பதிமூணு அறை இருக்கிற இதயம்ப்பா” என்றாள் மகள், பரீட்சைக்குப் படித்த குரலில். இப்படித் தோலுரிக்கையில் சிக்கி ஒன்று இறந்ததில், மிச்சம் ஒன்பது.

அக்டோபர் 11 அன்று ஒன்றைக் கையுறையின்றி உள்ளங்கையில் விட்டேன். கால் முட்கள் லேசாகக் குத்தின. பத்து நொடி என்று எண்ணியிருந்தேன், ஆறில் கையை உதறிவிட்டேன். மாத இறுதியில் இரண்டு நிமிடம் முடிந்தது.

நவம்பர் மழையில் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு புதர்க்காட்டோரம் வண்டியை நிறுத்தியபோது, சருகின்மேல் கறுப்பு உடலில் ஏழு வெள்ளைப் புள்ளிகளோடு ஒரு பூச்சி ஊர்ந்தது. உடன் வந்த என் அம்மா குனிந்து பார்த்து, “வண்டு எவ்வளவு அழகா இருக்கு பாரு” என்றார். அது வண்டு அன்று, தென்னிந்தியப் புதர்க்காட்டுக் கரப்பான். எரிச்சலூட்டும் திரவத்தைப் பீய்ச்சும் ஆறு புள்ளி வண்டின் வேடத்தைப் போட்டுக்கொண்டு பிழைக்கிறது. விஷயத்தைச் சொன்னதும் அம்மா சேலையை இழுத்துக்கொண்டு இரண்டடி பின்வாங்கினார். பூச்சி அப்படியேதான் இருந்தது, பெயர்தான் மாறியது. உலகில் உள்ள நாலாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட கரப்பான் இனங்களில் மனிதர் வீட்டை அண்டுவது முப்பதை ஒட்டித்தான். மற்றவை காட்டில் சருகு தின்று மண்ணாக்கிக்கொண்டிருக்கின்றன, அடுப்படிக் கரப்பானின் பழியையும் சேர்த்துச் சுமந்துகொண்டு.

அதற்காக நான் அடுப்படியைத் திறந்துவிடவில்லை. போரிக் பவுடரும் சர்க்கரையும் மாவும் பிசைந்த உருண்டைகள் அலமாரிக்கடியில் இன்னும் இருக்கின்றன. பால்கனியில் வளர்த்துக்கொண்டே உள்ளே விஷம் வைக்கிறீர்களே என்று மனைவி கேட்கிறார், கேள்வி நியாயமானதுதான்.

பிப்ரவரி 20 அன்று முதல் கரப்பான் முழு இறக்கையோடு வளர்ந்து நின்றது. மார்ச் 3 இரவு குளியலறை விளக்கைப் போட்டபோது, பழைய இடத்திலேயே இரண்டு மீசைகள் அசைந்தன. யாரையும் எழுப்பவில்லை. காற்றுக் கிளம்பாமல் மெதுவாகக் குனிந்து, குளிக்கும் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகினேன். கை நடுங்கத்தான் செய்தது. ஜாடியிலிருந்து தப்பியதாக இருக்கும் என்று பால்கனிக்குக் கொண்டுபோய், சிவப்பு விளக்கில் உள்ளே இருந்தவற்றை இருமுறை எண்ணிப் பார்த்தேன். ஒன்பதும் இருந்தன.