பாக்ஸ் ஸ்கோரிலிருந்து தொடங்குங்கள்: அமெரிக்கக் கல்லூரி மகளிர் கால்பந்து

அமெரிக்கக் கல்லூரி மகளிர் கால்பந்தைப் புதிதாகப் பின்தொடர்பவர்கள் பலர் தரவரிசையைப் பார்த்ததோடு நின்றுவிடுகிறார்கள். கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏ-வின் முதல் பிரிவில் மட்டுமே 300-க்கும் மேற்பட்ட அணிகள். வழக்கமான சீசனில் ஓர் அணி ஆடுவதோ ஏறக்குறைய 18 ஆட்டங்கள். இவ்வளவு குறைவான ஆட்டங்களில் மொத்தக் கணக்கு எளிதில் ஏமாற்றிவிடும். ஒவ்வொரு ஆட்டத்தின் பாக்ஸ் ஸ்கோரையும், அதாவது அந்த ஆட்டத்தின் புள்ளிவிவரப் பட்டியலையும், படிக்கப் பழகுங்கள்.

ஸ்டாட்ஸ் டாட் என்சிஏஏ டாட் ஆர்க் தளம் இலவசம். விளையாட்டு, ஆண்டு, பிரிவு மூன்றையும் தேர்ந்து அணிக்குள் போனால் ஆட்ட அட்டவணை வரும். முடிவைத் தொட்டால் பாக்ஸ் ஸ்கோர். ஆண்டு கல்வியாண்டாக இருக்கும்: 2024 இலையுதிர் கால சீசனுக்கு 2024-25. 2020 சீசனின் இறுதி ஆட்டம் கொரோனாவால் 2021 மே மாதம் நடந்ததால், தேதியை வைத்துத் தேடினால் குழப்பம்தான்.

பாக்ஸ் ஸ்கோர் கிடைத்ததும் முதலில் கணக்கைச் சரிபாருங்கள். ஓர் அணியின் 'ஷாட்ஸ் ஆன் கோல்' என்பது அது அடித்த கோலும் எதிரணி கோல்கீப்பர் தடுத்த சேவும் சேர்ந்தது. 7 என்று போட்டிருந்தால், 2 கோல், 5 சேவ் என்பதுபோல் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் சேம் சைடு கோல் உண்டா என்று பாருங்கள். அது கோலாக ஏறும், ஷாட்டாக ஏறாது. கம்பத்தில் பட்டுத் திரும்பியதும் இந்தக் கணக்கில் வராது. எது ஷாட், எது வெறும் கிராஸ் (பக்கவாட்டிலிருந்து கோல் முன் அனுப்பும் பாஸ்) என்று பதிவு செய்வது உள்ளூர் அணியின் புள்ளிவிவரக் குழு. கை தாராளமான மைதானமும் உண்டு, இறுக்கமான மைதானமும் உண்டு. அதனால் ஷாட் எண்ணிக்கையை உள்ளூர், வெளியூர் என்று பிரித்தே ஒப்பிடுங்கள்.

வீராங்கனைகளின் 'பாயின்ட்ஸ்' கோலுக்கு 2, அசிஸ்டுக்கு (கோலுக்கு வழிவகுத்த பாஸ்) 1. ஒரே கோலுக்கு இருவருக்கு அசிஸ்ட் தரலாம் என்பதால், தொழில்முறை லீக் அசிஸ்ட் எண்ணிக்கையோடு இதை நேராக ஒப்பிடக் கூடாது. மாற்று ஆட்டக்காரர்கள் தாராளமாக வந்துபோகும் ஆட்டம் இது. நிமிடங்களைப் பார்க்காமல் யாரையும் எடைபோட வேண்டாம். 1,500 நிமிடத்தில் 8 கோல் என்றால் 90 நிமிடத்துக்கு 0.48. 540 நிமிடத்தில் 5 கோல் என்றால் 0.83. பட்டியலில் கீழே கிடக்கும் இரண்டாமவரைத்தான் அடுத்த ஆட்டத்தில் கவனிக்க வேண்டும்.

பெனால்டி ஷூட்அவுட்டில் முடிந்த ஆட்டம் பதிவில் டிராதான். 2021 இறுதி ஆட்டத்தில் புளோரிடா ஸ்டேட் பிஒய்யுவை (பிரிகம் யங் பல்கலைக்கழகம்) ஷூட்அவுட்டில் வென்று கோப்பை வாங்கியது; வெற்றி-தோல்விக் கணக்கில் அது 0-0 டிரா. பட்டங்களின் எண்ணிக்கையிலும் இப்படி ஒரு சிக்கல் உண்டு. வட கரோலினாவுக்கு 22 என்றும் 23 என்றும் பார்ப்பீர்கள். என்சிஏஏ பட்டங்கள் 22. 1981-இல் அப்போதைய மகளிர் கல்லூரி விளையாட்டு அமைப்பான ஏஐஏடபிள்யூ நடத்திய போட்டியில் வென்றதைச் சேர்த்தால் 23.

கடைசியாக ஆர்பிஐ: எதிரணிகளின் வலுவையும் சேர்த்து அணிகளை வரிசைப்படுத்தும் எண். சொந்த வெற்றி விகிதத்துக்கு 25 சதவீதம், எதிரணிகளின் விகிதத்துக்கு 50, அவர்களின் எதிரணிகளுக்கு 25. எல்லா ஆட்டமும் வென்ற அணி ஒன்று; அதன் எதிரணிகள் 0.400, அவர்களின் எதிரணிகள் 0.500. கூட்டினால் 0.575. பத்துக்கு ஆறு மட்டுமே வென்ற இன்னொரு அணிக்கு அந்த இரண்டும் 0.600, 0.560 என்றால் 0.590. தோற்காத அணி பின்னால் நிற்பது இதனால்தான். வலுவான அணியை வென்றதற்கான போனஸ் போன்ற திருத்தங்கள் இதற்கு மேல் வரும். சீசன் தொடக்கத்தில் அணிகள் ஆடிய ஆட்டங்கள் மிகக் குறைவு. அப்போது இந்த எண்ணை நம்பாதீர்கள், கான்ஃபரன்ஸ் (அணி சேர்ந்திருக்கும் குழு) ஆட்டங்கள் பாதி முடியட்டும்.

பாஸ் எண்ணிக்கை, எக்ஸ்ஜி (ஷாட்களின் தரத்தை வைத்து எதிர்பார்க்கும் கோல்) இரண்டும் வழக்கமான பாக்ஸ் ஸ்கோரில் இருக்காது. அவை வேண்டுமென்றால் வைஸ்கவுட் போன்ற கட்டணச் சேவைக்குத்தான் போக வேண்டும்.