முதலில் குறடு சரியாக இருக்கட்டும்

கொல்லுப்பட்டறைக்குப் புதிதாக வரும் பையன்கள் கை வலிக்கிறது என்றால் எல்லோரும் சுத்தியலைத்தான் பார்ப்பார்கள். நான் பழுத்த இரும்பைப் பிடிக்கும் குறட்டைப் பார்ப்பேன். பெரும்பாலும் முதலில் ஓய்ந்துபோவது சுத்தியல் பிடித்த கை இல்லை, குறடு பிடித்த கை.

எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த ஆசாரி, “இறுக்கிப் பிடிக்காதய்யா, குறடு பிடிக்கணும்” என்பார். இரும்பின் கனத்துக்கு, அதாவது தடிமனுக்கு, குறட்டின் வாய் பொருந்தாவிட்டால் எவ்வளவு பலம் கொடுத்தாலும் பட்டை இரும்பு திரும்பிவிடும். வாய்க்குத் தாங்காத கனமான இரும்பை வைத்தால் குறட்டின் இரண்டு பாதிகளையும் இணைக்கும் ரிவெட் பக்கம் மட்டும் கவ்வும், முன்பக்கம் விரிந்து நிற்கும். மெல்லிசான தகட்டை வைத்தால் நுனி மட்டும் தொடும். இரண்டிலுமே அடி விழும்போது பழுத்த இரும்பு நழுவும். யார் காலில் விழும் என்று சொல்ல முடியாது.

சரிசெய்வது பெரிய வேலை இல்லை. குறட்டின் வாயைச் சிவக்கக் காய்ச்சி, எந்தக் கனத்தில் வேலையோ அதே கனமுள்ள குளிர்ந்த பட்டையை, 8 மில்லிமீட்டர் என்றால் 8 மில்லிமீட்டர் பட்டையையே, உள்ளே கொடுக்க வேண்டும். கைப்பிடிகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடாமல் நடுவில் ஒரு துண்டு இரும்பைச் செருகி, அடைகல்லில், அதாவது இரும்பை வைத்து அடிக்கும் கட்டையில், வைத்து வாயை மேலும் கீழும் தட்டினால் பட்டை முழுவதும் படிந்து உட்காரும். உருண்டைக் கம்பி என்றால் வாயில் நீளவாக்கில் ஒரு பள்ளம் வேண்டும். ஆறும்வரை குறட்டைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தால்தான் ரிவெட் இறுகாது. லாரியின் ஸ்பிரிங் பட்டையில் செய்த குறடு என்றால் சிவப்பாக இருக்கும்போது தண்ணீரில் போடவே கூடாது, வாய் கண்ணாடி மாதிரி உடையும். சாதா இரும்புக்கு அந்தப் பயம் இல்லை.

கைப்பிடிகளை நுனி நோக்கி மெலிதாக இழுத்துவிட்டால் லேசாக வளைந்து கொடுக்கும், கையும் அதிராது. ஒரே பட்டையில் நெடுநேர வேலை என்றால் கைப்பிடிகள்மேல் ஒரு வளையத்தைத் தள்ளி மாட்டிவிடுவேன். அப்புறம் இறுக்கும் வேலை வளையத்துடையது, விரல்களுக்கு ஓய்வு.

சரி, சுத்தியலுக்கு வருவோம். கடைக் காம்பு பல கைகளுக்குப் பருமன். அதன்மேல் வார்னிஷ் வேறு. வியர்த்தால் வழுக்கும், தோலையும் கொப்பளிக்க வைக்கும். கண்ணாடிச் சில்லால் வார்னிஷைச் சுரண்டி, அரத்தால் பக்கவாட்டைச் சீவி முட்டை வடிவத்துக்குக் கொண்டுவருவேன். உருண்டைக் காம்பில் சுத்தியலின் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று உள்ளங்கைக்குத் தெரியாது. முட்டை வடிவத்தில் பார்க்காமலே தெரியும். கடைசியாக ஆளிவிதை எண்ணெய் பூசிக் காயவிடுவேன். கருவேலங்காம்புதான் எனக்குப் பிடிக்கும், அதுவும் இழை நேராக ஓடுவதாக இருந்தால்.

தலை ஆடினால் சுத்தியலைத் தண்ணீரில் ஊறப்போடும் பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. மரம் ஊதி அன்றைக்கு இறுகும். ஆனால் இரும்புக்குள் ஊத இடமில்லாமல் இழைகள் நசுங்கிவிடும், காய்ந்ததும் முன்னைவிட அதிகமாக ஆடும். ஆப்பைக் கழற்றி, புதிதாக ஒன்று சீவி அடித்துவிடுங்கள். அரைமணி நேர வேலை.